23 டிகிரி குளிர்

புதிய கார் ஒன்றின் புகையைச் சோதிக்கும் ஆய்வகத்தில் முதல் வேலை, வண்டியைக் குளிர வைப்பது. இந்தியாவில் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. இன்ஜினை அணைத்து, பல மணி நேரம் ஓர் அறைக்குள் வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பார்கள். எண்ணெயும் கூலன்ட்டும் அறையின் வெப்பநிலைக்கு இறங்கிய பிறகே செல்ஃப் அடிப்பார்கள். குளிர்த் தொடக்கம் என்று இதற்குப் பெயர். அறையில் ஐஸ்கட்டி எதுவும் இருக்காது. பழைய ஐரோப்பிய முறையில் அறையின் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். இப்போது பல நாடுகள் ஏற்றிருக்கும் டபிள்யூஎல்டிபி முறையில் 23 டிகிரி. புதுச்சேரியில் ஜனவரி இரவுகளின் குறைந்த வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதாவது மார்கழி விடியலில் முத்தியால்பேட்டைத் தெரு ஓரம் நிற்கும் கார், ஆய்வகம் குளிர் என்று சொல்லும் அளவையும் தாண்டிக் குளிர்ந்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்கிறது. செல்ஃப் எடுத்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரே சீராக வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கும். பெரிய மார்க்கெட் வந்து சேர்வதற்குள் சில வண்டிகளில் நின்றுவிடும். சிலவற்றில் நாள் முழுக்கக் கூடவே வரும். பட்டறையில் நடக்கும் பேச்சும் ஊரறிந்ததுதான்.

“அண்ணே, காலையில மட்டும் டிக்டிக்னு கேக்குது. அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது.”

“டேப்பெட் அடிக்குது சார். ஆயில கொஞ்சம் கெட்டியா ஊத்திடலாம், சரியாயிடும்.”

இந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான் இந்த அத்தியாயத்துக்கு வழக்கு. கெட்டியான எண்ணெய் சத்தத்தை அமுக்கும் என்பது பல நேரம் உண்மை. அதே கெட்டியான எண்ணெய்தான் பல வண்டிகளில் அந்தச் சத்தத்துக்கே காரணம் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று புரிந்துகொள்ள எண்ணெயிலிருந்து தொடங்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் மார்கழியில் வெள்ளையாக உறைந்து, தலைக்குத் தேய்க்க அதை வெயிலில் வைத்து எடுப்பது நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடப்பது. அது 24 டிகிரியை ஒட்டி உருகி உறையும் பொருள். இன்ஜின் ஆயில் அப்படி ஒரு புள்ளியில் சட்டென உறைவதில்லை. வெப்பம் குறையக் குறையப் படிப்படியாகத் தடித்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாததால் அந்தத் தடிப்பை நாம் நம்புவதில்லை. ஆனால் அளவுகள் திகைக்க வைக்கின்றன.

எண்ணெயின் தடிப்பைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911-இல் தொடங்கிய எண் முறைதான் இன்றும் டப்பாவின் மேல் இருக்கிறது. 20டபிள்யூ-50 என்று இருந்தால், பின்னால் உள்ள 50 என்பது 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் குறிக்கும்: 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள். 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள். முன்னால் உள்ள எண்ணும் டபிள்யூவும் கடுங்குளிருக்கானவை. 20டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியிலும் பம்ப் இழுக்கும் அளவுக்கு எண்ணெய் இளகியிருக்க வேண்டும் என்று விதி.

“மைனஸ் 20 நம்ம ஊருக்கு எதுக்கு” என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் புதுச்சேரி விடியலின் வெப்பநிலை இந்த இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் விழுகிறது. அதைச் சுமார் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்; அந்த வெப்பநிலையில் எண்ணெய் எப்படி இருக்கும் என்று டப்பா சொல்வதில்லை. எண்ணெய் நிறுவனங்கள் 40 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் அளவுகளை வெளியிடுகின்றன. அவற்றை வைத்து மற்ற வெப்பநிலைகளுக்கும் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. வழக்கமான எண்ணெய்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தால், 22 டிகிரியில் 5டபிள்யூ-30 சுமார் 150 சென்டிஸ்டோக்ஸ், 15டபிள்யூ-40 சுமார் 280, 20டபிள்யூ-50 சுமார் 470 என்று வருகிறது. பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும். ஆனால் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் பெரிதாக மாறாது. நன்றாகச் சூடேறி ஓடும் இன்ஜினில் அதே எண்ணெய்கள் 10 முதல் 20-க்குள் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதே வாய்பாட்டில் உதகமண்டலத்தைப் போடலாம். புதுச்சேரிக்கு மேற்கே வெகுதூரத்தில், 2,240 மீட்டர் உயரத்தில், டிசம்பரிலும் ஜனவரியிலும் புல்மேல் உறைபனி விழும் ஊர் அது. விடியலில் 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே 5டபிள்யூ-30 எண்ணெயின் தடிப்பு சுமார் 490 சென்டிஸ்டோக்ஸ். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 20டபிள்யூ-50 ஊற்றி நிற்கும் காருக்கும், ஊட்டியில் உறைபனி மூடி 5டபிள்யூ-30-உடன் நிற்கும் காருக்கும் இன்ஜினுக்குள் ஏறக்குறைய ஒரே காலநிலை. இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது நான் மறுபடியும் சரிபார்த்தேன், அவ்வளவு நம்ப முடியாததாக இருந்தது. 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர், கடலோர ஊரில் வண்டியை நிறுத்தியபடியே அதை நீலகிரிக்கு ஏற்றிவிடுகிறார்.

தடித்த எண்ணெய் என்ன செய்யும் என்பதை அதன் பாதையில் போய்ப் பார்க்கலாம். இரவில் எண்ணெய் முழுவதும் அடியிலுள்ள சம்ப்பில் வடிந்து கிடக்கிறது. செல்ஃப் அடித்ததும் பம்ப் அதைச் சல்லடை வழியாக இழுத்து, ஃபில்டருக்குள் தள்ளி, முதலில் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்குக் கொடுக்கிறது. மிச்சம்தான் குறுகிய துளைகள் வழியாக மேலே ஏறி, ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் வால்வுகளுக்கும் போகிறது. வீட்டு மாடிக் குழாய்க்குக் கடைசியில் தண்ணீர் வருகிற கதைதான். பம்ப் தள்ளும் எண்ணெய் மிகத் தடிப்பாக இருந்தால் அழுத்தம் எகிறும். அழுத்தம் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திரும்பச் சம்ப்புக்கே அனுப்பிவிடும். ஃபில்டருக்குள்ளும் ஒரு பைபாஸ் வால்வு உண்டு. காகித மடிப்புகளைத் தாண்ட முடியாத அளவுக்கு எண்ணெய் தடித்திருந்தால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயைப் பேரிங்குகளுக்கு விடும். அழுத்தம் நிறைய இருப்பதால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். மேல்தளத்துக்கோ எண்ணெய் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

அந்த மேல்தளத்தில்தான் டேப்பெட் இருக்கிறது. கேம் ஷாஃப்ட்டின் மேடு சுற்றி வந்து ராக்கர் கையை அமுக்க, அது வால்வைத் திறக்கிறது. ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு சிறு இடைவெளி விட்டிருப்பார்கள்; அதைத் திருத்தும் திருகைத்தான் பட்டறையில் டேப்பெட் என்கிறார்கள். வால்வின் தண்டு சூட்டில் நீளும் என்பதே காரணம். 100 மி.மீ. நீள எஃகுத் தண்டு 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.36 மி.மீ. நீளும். இடைவெளியே இல்லாவிட்டால் நீண்ட தண்டு ராக்கரில் முட்டி, வால்வு முழுதாக மூடாமல் நின்றுவிடும். அம்பாசடர் காரின் பழைய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் இங்கிலாந்தின் பிஎம்சி வடிவமைப்பு, அதற்கு 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ. விடுவார்கள். இன்றைய சிறிய இன்ஜின்களில் இது பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மி.மீ.-க்குள். ஹெட் அலுமினியத்தில் ஆனதாக இருந்தால் தண்டைவிட ஹெட் அதிகம் விரிந்து, சூட்டில் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். அதனால்தான் கையேட்டில் “குளிர்ந்த நிலையில்” என்றோ “சூடான நிலையில்” என்றோ தனித்தனியே எண்கள் கொடுத்திருக்கும். அந்தச் சொல்லைப் படிக்காமல் எண்ணை மட்டும் படிப்பது வீண்வேலை.

0.05 மி.மீ. இடைவெளி கூடினால் போதும், காதுக்குத் தெரியும்படி சத்தம் வரும். தலைமுடியின் தடிமன் அளவு மாற்றத்துக்கா இத்தனை சத்தம்? கேமின் வடிவத்தில் விடை இருக்கிறது. மேடு நேராக எழும்புவதில்லை. அதன் அடிவாரத்தில் மிக மெதுவாக ஏறும் ஒரு சிறு சரிவை வடிவமைப்பாளர்கள் செதுக்கியிருப்பார்கள். ராக்கரும் வால்வும் முதலில் தொடும் நொடி அந்தச் சரிவுக்குள் நிகழ வேண்டும். அப்போதுதான் மென்மையாகத் தொடும். இடைவெளி சரிவின் உயரத்தைத் தாண்டிவிட்டால், தொடும் நேரத்தில் கேம் செங்குத்தான பகுதிக்கு வந்திருக்கும். ராக்கர் வேகத்தோடு வந்து அடிக்கும். மூடும்போதும் அதே கதை. வால்வு மெதுவாக அமராமல் தன் இருக்கையில் அறைந்து மூடும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது பிதுங்கி வெளியேறும் நேரத்தில் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கெட்டியான எண்ணெய் சத்தத்தை அமுக்குவதன் ரகசியம் இதுதான்: படலம் தடிக்கிறது, அடி மங்குகிறது, இடைவெளி அப்படியே இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும். சூடேறிய பின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், கேம் 400 சுற்று. ஒரே ஒரு வால்வு அடித்தால் விநாடிக்கு ஆறேழு டிக். கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் ஏதாவது, முன்பக்கப் புல்லியோ பின்பக்க ஃப்ளைவீலோ தளர்ந்திருந்தால் விநாடிக்குப் பதின்மூன்று. காதால் எண்ணுவது கடினம். கைப்பேசியில் பத்து விநாடி பதிவுசெய்து, நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டால் எளிதாக எண்ணிவிடலாம். டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் காட்டும் எண்ணை அதே நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த இன்ஜினின் ஐடில் 1,200-க்குக்கூடப் போகும். இந்த எண்ணிக்கை ஒரு வாசலைத்தான் திறக்கிறது. வால்வு, இஞ்செக்டர், எக்ஸாஸ்ட் கசிவு மூன்றும் சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒலிப்பவை. அவற்றுக்குள் வேறுபடுத்த இடத்தைத் தேட வேண்டும்.

அதற்கு ஸ்டெதஸ்கோப். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்த மருத்துவர் ரெனே லெனெக், 1816-இல் பாரிஸில் ஒரு நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகக் கேட்டார். வெறுங்காதில் கேட்டதைவிட இதயத் துடிப்பு தெளிவாக இருந்தது. மெக்கானிக்கின் ஸ்டெதஸ்கோப்பில் மார்பில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாக ஓர் எஃகுக் கம்பி இருக்கும். அது இல்லாத பட்டறையில் நீண்ட ஸ்க்ரூடிரைவர் அந்த வேலையைச் செய்கிறது: முனையை வால்வு கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துவார்கள். இரும்பிலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலியின் பெரும்பகுதி எல்லையிலேயே திரும்பிவிடும். இரும்பிலிருந்து இரும்பு, அங்கிருந்து எலும்பு என்று போனால் அந்த இழப்பு மிகக் குறைவு. பானெட்டுக்கு வெளியே நின்றால் எங்கும் பரவிக் கேட்கும் டிக், முனையை இரண்டாவது சிலிண்டரிலிருந்து மூன்றாவதுக்கு நகர்த்தியதும் திடீரென்று கூர்மையாவதை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையையும் சட்டையையும் தள்ளி வைப்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

கம்பியை வைக்கும்போது சத்தம் வால்வு கவரில் மங்கலாகவும் இஞ்செக்டரில் உரக்கவும் கேட்டால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இஞ்செக்டர் ஒரு மின்காந்த வால்வு. சில மில்லிவிநாடிகளில் திறந்து மூடும்போது டிக் என்றுதான் ஒலிக்கும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் அழுத்தம் 150 பார் முதல் 350 பார் வரை போவதால் இது இன்னும் பலமாகக் கேட்கும். முதல் ஒரு நிமிடம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க கம்ப்யூட்டர் எரிபொருள் தெளிக்கும் முறையையே மாற்றுவதால், சத்தமும் மாறும். அந்த இன்ஜினின் பிறவிக் குரல் அது.

எக்ஸாஸ்ட் கசிவு அப்படி விடக்கூடியது இல்லை. கடலோர ஊர் என்பதால் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நொடியில் சிலிண்டருக்குள் இன்னும் சில பார் அழுத்தம் மிச்சமிருக்கும். மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் விட்டுப்போயிருந்தாலோ, ஒரு ஸ்டட் முறிந்திருந்தாலோ, அந்த வாயு மெல்லிய இடுக்கு வழியாகத் தெறித்து வெளியேறும். டேப்பெட் என்று சத்தியம் செய்யும் அளவுக்கு அதே டிக். மேனிஃபோல்ட் சூடேறி விரிந்ததும் இடுக்கு அடைபட்டு, சத்தம் நின்றுவிடும். காலையில் மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் வேகத்தை புதுச்சேரியில் வீட்டு ஜன்னல் கம்பி வைத்திருக்கும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான டிகிரி சூடாகி, குளிர்ந்து, உப்பு ஈரத்தில் இரவு முழுக்க நிற்கும் ஸ்டட்டுகள் துருப்பிடித்து முறிவது இங்கே எதிர்பார்க்க வேண்டிய பழுது. அடையாளம், இடுக்கைச் சுற்றிப் படியும் கறுப்புக் கரி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, சத்தம் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்ட்டின் ஓரமாக நகர்த்தினால் இடம் தெரிந்துவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு மணமில்லை, ஏசி காற்று இழுக்கும் வாய் இன்ஜின் அறைக்கு அருகில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று, பிஸ்டன் தட்டுவது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிர்ந்த அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டருக்குள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்து, எரிபொருள் வெடிக்கும்போது ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குச் சாய்ந்து தட்டும். டிக் என்பதைவிடக் கனமான, உள்கூடு ஒலிக்கிற மாதிரிச் சத்தம். ஒவ்வொரு சிலிண்டராக இஞ்செக்டரின் மின்இணைப்பைச் சில விநாடிகள் கழற்றிப் பார்த்தால் பிரித்தறியலாம். எரிப்பு நின்றதும் சத்தம் மங்கினால் பிஸ்டனோ எக்ஸாஸ்ட்டோ. மங்காமல் அப்படியே தொடர்ந்தால் வால்வு. வயதான இன்ஜினில் சூடேறியதும் நின்றுவிடும் லேசான பிஸ்டன் தட்டலோடு பல ஆண்டுகள் ஓட்டலாம்.

டேப்பெட்டே இல்லாத, அதாவது திருகித் திருத்தும் டேப்பெட் இல்லாத இன்ஜின்களும் தெருவில் நிறைய ஓடுகின்றன. இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டின் தொடக்ககால வடிவங்களைச் செய்து பார்த்தவர்களில் ஒருவர், பிரான்சின் ல மான் நகரைச் சேர்ந்த அமெடே பொல்லே. 1930-இல் அமெரிக்காவில் வந்த 16 சிலிண்டர் கேடிலாக் அதை விற்பனைக் காரில் கொண்டுவந்தது. நம் ஊரில் ஃபியட், மாருதி, டாடா மூன்றின் வண்டிகளிலும் பல ஆண்டுகள் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினிலும் ஹைட்ராலிக் அமைப்புதான். உள்ளே ஒரு சிறு உருளை, அதற்குள் ஒரு பிளஞ்சர், அடியில் ஒரு குண்டு வால்வு. இன்ஜின் ஓடும்போது எண்ணெய் உள்ளே புகுந்து பிளஞ்சரைத் தூக்கி இடைவெளியை நிரப்பும். குண்டு அதைத் திரும்ப விடாது. இரவில் இன்ஜின் நிற்கும்போது சில வால்வுகள் திறந்த நிலையில் நின்றுவிடும். அவற்றின் ஸ்பிரிங் விடிய விடிய அழுத்திக்கொண்டே இருப்பதால், அந்த உருளைகளிலிருந்து எண்ணெய் கசிந்து இறங்கிவிடும். காலையில் அவை மீண்டும் நிரம்பும்வரை டிக் கேட்கும். ஐந்து பத்து விநாடியில் நின்றால் இயல்பு. நிமிடக் கணக்கில் நீடித்தால் எண்ணெய் அங்கே போகத் தாமதமாகிறது என்று பொருள்: ஒன்று எண்ணெய் தேவைக்கு மேல் தடிப்பு, அல்லது வழி அடைந்திருக்கிறது.

அடைபடுவதற்குப் புதுச்சேரியின் அளவே ஒரு காரணம். பழைய நகரைச் சுற்றும் புல்வார் சாலைக்குள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக இரண்டு கி.மீ.கூட இல்லை. முத்தியால்பேட்டையிலிருந்து ரயில் நிலையம், லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதி என்று அன்றாடப் பயணங்கள் எல்லாமே இன்ஜின் சூடேறுவதற்கு முன் முடிந்துவிடுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலையில் சைலன்சரிலிருந்து சொட்டும் நீர் அதுதான். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் நீராவியின் ஒரு பங்கு குளிர்ந்த சுவர்களில் படிந்து எண்ணெயோடு கலக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் கொதிநீர்ச் சூட்டை எட்டி, அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதுகூட எண்ணெய் இன்னும் பின்தங்கித்தான் இருக்கும். ஈரமும் எரியாத பெட்ரோலும் கரியும் சேர்ந்து, எண்ணெயைக் கறுப்புக் களிம்பாக்கி, ஹைட்ராலிக் டேப்பெட்டின் மயிரிழைத் துளைகளில் படிய வைக்கின்றன. ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டுமே ஓடும் வண்டிக்கு “10,000 கி.மீ. ஆனதும் ஆயில் மாத்தலாம்” என்று காத்திருப்பது ஆபத்து. கையேட்டில் கி.மீ. கணக்குக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் இருக்கும். குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு அதுதான் பொருந்தும். மாதம் ஒருமுறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவது இந்த வண்டிகளுக்கு நிஜமான வைத்தியம்.

சரிசெய்யும் வரிசைக்கு வருவோம். செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். சமதரையில், செல்ஃப் அடிப்பதற்கு முன், ஆயில் ஸ்டிக்கை இழுத்து அளவைப் பார்க்க வேண்டும்; டேப்பெட் பழி சுமக்கும் வண்டிகளில் பல, எண்ணெய் குறைந்ததால் கத்துபவைதான். பிறகு கடைசியாக என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று பில்லைத் தேட வேண்டும், அதைக் கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு 0டபிள்யூ-20 போன்ற எண்ணெய்கள் சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டன. கையில் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று பயந்து தடிப்பானதை ஊற்றச் சொல்லும் உரிமையாளர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இன்ஜினின் பேரிங் இடைவெளிகளும் எண்ணெய்த் துளைகளும் பம்பும் அந்தத் தண்ணீர் மாதிரி எண்ணெய்க்கே அளவெடுத்துச் செய்தவை. அம்பாசடருக்கு 20டபிள்யூ-50 நல்ல எண்ணெய். அந்த அனுபவத்தை அப்படியே இன்றைய வண்டிக்குக் கொண்டுவருவதில்தான் பிழை.

அடுத்து ஃபில்டர். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இன்ஜின் நின்ற பிறகு ஃபில்டரிலுள்ள எண்ணெய் சம்ப்புக்கு வடியாமல் அது தடுக்கும். மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சூட்டில் விறைத்து, இரவில் ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் மேலே போக முடியும். தினமும் முதல் சில விநாடிகள் மட்டும் வரும் டிக், கையேட்டில் சொன்ன எண்ணெயும் சரியான ஃபில்டரும் போட்டதும் காணாமல் போவது அடிக்கடி நடப்பது. வேறு எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பதுதான் நியாயம்.

அதற்கும் நிற்கவில்லை என்றால், திருகும் டேப்பெட் உள்ள இன்ஜினில் வால்வு கவரைக் கழற்ற வேண்டும். அந்த சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருப்பதை உறுதிசெய்து, ஃபீலர் கேஜின் சரியான தகட்டை இடைவெளியில் நுழைக்க வேண்டும். லேசாகப் பிடித்து இழுபட்டு வந்தால் சரி. தொளதொளவென்று போனால் லாக் நட்டைத் தளர்த்தித் திருகி, பிடித்துக்கொண்டே மீண்டும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால் மறுபடி அளக்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது. இங்கே ஒரு சபலம் வரும்: இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சத்தம் சுத்தமாக நின்றுவிடுமே என்று. அது வால்வைக் கொல்லும் வேலை. எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி வரை சூடாகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் இருக்கையில் முழுதாக அமர்ந்து அந்தச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தித்தான் அது பிழைக்கிறது. இடைவெளி இல்லாத வால்வு முழுதாக அமராது, விளிம்பு கருகிப்போகும். வால்வு இருக்கை தேயத் தேய இடைவெளி தானே சுருங்கும் என்பதால், சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில் சத்தம் வராமலேயே இந்த ஆபத்து வந்து சேரும். டிக் கேட்கிறதா என்று காத்திருக்காமல் கையேடு சொல்லும் காலத்தில் அளந்து பார்க்க வேண்டிய இன்ஜின்கள் அவை.

ஒரு சத்தத்துக்கு மட்டும் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. காலையில் லேசாக இருந்து, சூடேற ஏறக் கனத்து, மேட்டில் ஏறும்போது டொக் டொக் என்று அடியிலிருந்து கேட்டால், அது கனெக்டிங் ராடின் பேரிங். சூட்டில் எண்ணெய் இளகி, தேய்ந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் போவதால் டேப்பெட்டுக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. கட்டி இழுத்துப் போக வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும், வேலை முடிந்ததும் பட்டறையிலேயே ஸ்டார்ட் செய்து கேட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது சோதனை ஆகாது. அப்போது இன்ஜினில் எண்ணெய் மேலே ஏறியிருக்கும், இரும்பும் வெதுவெதுப்பாக இருக்கும். வண்டியை அன்றிரவு அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் விடியலில் மெக்கானிக்கோடு நின்று, அவர் கம்பியை வால்வு கவரில் வைத்திருக்கும்போது செல்ஃப் அடிக்க வேண்டும்.